பசிக்காத அறை

துணிப்பையோடு ஜெர்வின் வண்ணார்பேட்டை ஆற்றங்கரைச் சந்துக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். வீட்டுக்காரர் நமச்சிவாயம் சாவியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாடகையெல்லாம் வேண்டாம் தம்பி. பூட்டியே கிடந்தா வீடு வீணாப் போயிருது. ஆள் நடமாட்டம் இருந்தா போதும்."

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி."

அவர் சாவியைக் கொடுத்தாரே தவிர, உள்ளே வரவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. ஜெர்வின் பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ஹென்றி முந்தின ஆடியில் கடலுக்குப் போனவர். வள்ளமும் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. ஊரே கடற்கரையில் நின்று அழுதது. ஜெர்வினுக்கு மட்டும் அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ மரத்துப் போய்க் கிடந்தது. அம்மா ஞானசௌந்தரி கருவாடு விற்று அனுப்புகிற பணத்தில் மிச்சம் பிடித்து, வருகிற ஜூனில் தங்கை ஆன்லினை நர்ஸிங் படிப்பில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அவன் நாட்களைத் தள்ளினான். ஹாஸ்டலை விட்டான். காலைச் சாப்பாட்டை விட்டான். மிஞ்சியதெல்லாம் தபால் ஆபீஸ் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

அறை நீளமாக, இருட்டாக இருந்தது. ஒற்றை ஜன்னலுக்கு அப்பால் தாமிரபரணி. உள்பக்கச் சுவரில் ஒரு கதவு, அதில் துருவேறிய பூட்டு. சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாடை. அந்த வாடைக்கு அடியில், மெல்லியதாக, அப்போதுதான் வடித்த சோற்றின் மணம்.

சுற்றிலும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

கல்லூரி மத்தியானத்தோடு விட்டுவிடும். ஹோட்டல் வாசலைத் தாண்டும்போது வயிறு சுண்டி இழுக்கும். தலையைக் குனிந்துகொண்டு நடப்பான். ஆனால் அறைக்குள் கால் வைத்ததும் பசி அடங்கிவிடும். பெரிய உதவியாகத்தான் தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டையும், பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினான்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பூட்டிய கதவுக்குப் பின்னால், ஈயத் தட்டை விரல்கள் வழிக்கிற சத்தம். நிதானமாக மெல்லுகிற சத்தம்.

"யாரு?" என்றான்.

சத்தம் நின்றது. பிறகு கதவோரமாக ஒரு கிசுகிசுப்பு. "முதல்லதான் கஷ்டம். போகப் போகப் பழகிரும்."

அன்பாகத்தான் சொன்னது அந்தக் குரல்.

பசியைத் தொடர்ந்து மற்றவையும் ஒவ்வொன்றாய் விலகின. ஆற்றில் குளிக்கும்போது உள்ளங்காலில் கண்ணாடி ஏறியது. கரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். மார்கழிக் குளிர் உறைக்கவில்லை. ஆன்லினின் முகத்தை நினைத்துப் பார்த்தான். யாரோ தெரியாதவளின் போட்டோவைப் பார்ப்பது போல இருந்தது.

மேலப்பாளையத்துக்காரன் அகமது மீரான் அவனோடு படிப்பவன். கல்லூரி வாசலில் ஜெர்வினின் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"லே, கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா? என்னத்தலே திங்குத?"

"பசிக்கல, மீரான்."

"பசிக்காம எப்படிலே இருக்கும்? நாளைக்கு எங்கம்மா சோறு கட்டித் தருவா. அங்கன கொண்டாரேன், இரி."

அன்று மத்தியானம் ஜெர்வின் திரும்பியபோது உள்கதவு திறந்திருந்தது. துருப்பூட்டு தரையில் கிடந்தது.

உள்ளே அவன் வயதுப் பையன் ஒருவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். எலும்பின் மேல் தோலைப் போர்த்தியது போலத் தோள்கள். முன்னால் ஈயத் தட்டு.

தட்டில் ஒன்றுமில்லை.

அவன் ஒன்றுமில்லாததைப் பிசைந்து, உருட்டி, வாயில் இட்டு, மென்றான். நிமிர்ந்து சிரித்தான். பிறகு சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

இப்போது பயப்பட வேண்டும் என்று ஜெர்வினுக்குத் தெரிந்தது.

பயம் வரவில்லை.

போய் உட்கார்ந்தான்.

மறுநாள் தூக்குவாளியோடு வந்த மீரான் அவனை அங்கேதான் கண்டான். ஜெர்வின் தனியாக, வெறுந்தரையில் கையைத் துழாவித் துழாவி மென்றுகொண்டிருந்தான். உதடெல்லாம் சுண்ணாம்பு. மீரான் அலறியது அவனுக்குக் கேட்கவில்லை. வாளியைப் போட்டுவிட்டு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மீரான் ரோட்டுக்கு ஓடினான்.

பெரியாஸ்பத்திரிக்கு நமச்சிவாயம் வந்தார். கட்டில் பக்கம் வராமல் வார்டு வாசலில் மீரானிடம் முணுமுணுத்தார்.

"சேரன்மகாதேவிப் பையன் ஒருத்தன் முன்ன குடியிருந்தான். அவனும் மிச்சம் பிடிச்சுத்தான் படிச்சான். சாப்பிட்டியாலேன்னா ஆச்சும்பான். உள்ளறையில செத்துக் கிடந்தது வாடை வந்த பொறவுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஆள் குடியிருந்தா அந்தப் பீடை விலகிரும்னு நெனச்சேன், தம்பி."

"பேசாதியும் வே," என்றான் மீரான். "இங்கருந்து போயிரும்."

அம்மா கஞ்சியோடு வந்தாள். மகனின் தாடையைப் பிடித்துக் கரண்டியால் ஊட்டினாள். முதல் வாய் கல் போல இறங்கியது. பிறகும் ஊட்டினாள். நாலைந்து வாய்க்குப் பிறகு, திடீரென்று, உப்புக் கரித்தது.

அடிவயிற்றிலிருந்து பசி கிளம்பி வந்தது, காட்டு மிருகம் போல. பின்னாலேயே கால் வலி, குளிர், கடைசியாக அப்பா. "எம்மா, அப்பா வரவே மாட்டாராம்மா?" என்று கேட்டு, கஞ்சி வழிகிற வாயோடு ஜெர்வின் ஓவென்று அழுதான். ஞானசௌந்தரி அவனை இறுக்கிக்கொண்டாள்.

"அழு மக்கா. நல்லா அழு."

அழுது முடித்தபோது சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் உருண்டு வந்தது. தினமும் இந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே தட்டுகள் நீளுமாம், சண்டைகூட வருமாம். வண்டிக்காரம்மா முதல் கட்டிலில் நின்றாள்.

"எனக்கு வேண்டாம்மா," என்றார் அதிலிருந்தவர். "பசியே இல்ல."

அடுத்த கட்டிலிலும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்ததிலும் அதையே சொன்னார்கள். யார் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. மருந்து நெடிக்கு அடியில், மெல்லியதாக, அந்த அறையின் ஈரச் சுண்ணாம்பு வாடை.

அவ்வளவு பெரிய வார்டில் தட்டை நீட்டிய கை ஜெர்வினுடையது ஒன்றுதான்.