பலூன் பாய்க்கு ஒரு கம்பு

“சூரியன் மறையறதுக்குள்ள கடல் வெள்ளம் ஏறிடும். அப்புறம் அந்த மணல்திட்டே இருக்காது!” என்றாள் பெலிசியா.

கிழக்கே அந்தத் திட்டில் அவள் தம்பி கிளாட்வின் தனியாக நின்றிருந்தான். கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலின் வெண்கல மணியைக் கண்டுபிடித்தவன் அவன்தான். இடம் தவறிவிடக் கூடாதென்று அங்கேயே காவல் இருந்தான். பெலிசியாவும் நண்பர்கள் இன்னாசியும் சுல்பிகாரும் குடிநீர் எடுக்கப் பக்கத்துத் தீவுக்குப் போனார்கள். திரும்பும் வழியில் பாய்ப்படகு மணல்மேட்டில் ஏறியது. இன்ஜின் விசிறி நொறுங்கியது. மீன்பிடி வள்ளத்திலேயே வளர்ந்த இன்னாசி, கைக்குக் கிடைத்த கம்பை மணலில் ஊன்றி, வள்ளத்தைத் தள்ளுவதுபோல் தள்ளினான். படகு நகர்ந்தது. கம்பு ஒடிந்தது! அது பின்காற்றில் உப்பிப் படகை இழுக்கும் பலூன் பாயின் ஒரு முனையை விரித்துப் பிடிக்கும் அலுமினியக் கம்பு.

இப்போது மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று பின்னாலிருந்து சோம்பலாக வீசியது. கம்பில்லாத பலூன் பாய் ஈரத்துணிபோல் தொங்கியது. மூவரின் உதடுகளும் உப்பில் வெடித்திருந்தன.

“ஏலே, அதை ஊன்றச் சொல்லி எவன்ல சொன்னான்?” என்று சீறினாள் பெலிசியா.

“எங்க வள்ளத்துல கம்புன்னா அதுக்குத்தான்,” என்று முணுமுணுத்தான் இன்னாசி.

பெலிசியா அண்ணாந்து பார்த்தாள். நிழலுக்குக் கட்டிய தார்ப்பாயைத் தாங்கியிருந்தது, சுல்பிகாரின் பழைய விண்ட்சர்ஃபிங் பலகையின் பாய்மரக் கம்பம். கரிய கார்பன் குழாய்.

“சுல்பி, அதை இறக்கு!”

“முழுசா வெச்சா நீளம் ஜாஸ்தி. ரெண்டாக் கழட்டலாம். அடித்துண்டுதான் தடிமன்,” என்றான் சுல்பிகார்.

“முனையில ஓட்டை போட்டுக் கயிறு கோக்கட்டுமா?” இன்னாசி கத்தியை எடுத்தான்.

“போட்டா நீளவாக்குல பிளந்துரும். நீ ஒடிச்சது போதும் மாப்ள!” என்று தடுத்தான் சுல்பிகார்.

குழாய் நசுங்காதிருக்க, துடுப்பின் பிடியை வெட்டிச் செதுக்கி அதன் இரு முனைகளிலும் அடைத்தார்கள். மேலே கயிற்றை இறுக்கிச் சுற்றினார்கள். பாயை ஏற்றியதும் கயிறு வழுக்கியது. பாய் சுருண்டு விழுந்தது. சுல்பிகார் தன் ரப்பர் முக்குளிப்பு உடையின் ஒரு கையை அறுத்து, அந்த ரப்பரைக் கயிற்றுக்கு அடியில் சுற்றினான்.

இம்முறை பாய் ‘டப்’பென்று விரிந்தது! கம்பம் முனகியது; ஆனால் தாங்கியது. படகு முன்னே பாய்ந்தது. சுக்கானைப் பிடித்திருந்த பெலிசியாவின் கண்கள் தூக்கத்தில் செருகின. கன்னத்தில் அறைந்துகொண்டு மறுபடி பிடித்தாள்.

வானம் சிவந்தது. திட்டைக் காணவில்லை.

“அங்கே!” என்று கத்தினான் இன்னாசி.

மார்பளவு நீரில் கிளாட்வின்! நீரோட்டம் அவனை இழுத்தது. மணியில் கட்டிய கயிற்றை இரு கைகளாலும் பற்றியிருந்தான். இவர்கள் வீசிய கயிறு அவனருகே விழுந்தது.

“மணியை விட்டுட்டு இதைப் புடில!”

“விட்டா மறுபடி கிடைக்காதுக்கா!”

“நீ கிடைச்சாப் போதும்ல!”

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கைகளைத் திறந்தான்.

படகில் ஏறியதும் தண்ணீரை மடமடவென்று குடித்தான். “ஏன் இவ்ளோ நேரம்?” என்று கேட்டான். இன்னாசி ஒடிந்த கம்பைத் தூக்கிக் காட்டினான்.

இரவெல்லாம் எதிர்க்காற்றில் ஊர்ந்து, விடியலில் கரை சேர்ந்தார்கள். அங்கே வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சிரித்தார். “புதையல் எங்கம்மா?”

“போனது நாலு பேர். வந்ததும் நாலு பேர். எண்ணிப் பாத்துக்குங்க அண்ணே,” என்றாள் பெலிசியா. அப்படியே ஈரமணலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.