எடுக்கக் கூடாத போன்

“புது நம்பர் வந்தா எடுக்காதே தாயி. மூணு நாளா ஒருத்தன் உயிர வாங்குதான். லோன் வேணுமான்னு கேக்கிறவனாத்தான் இருக்கும்.”

வேல்விழியிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் அன்புசெல்வி அத்தை வேலைக்குப் போனார். தெருக்கோடியில் இருந்த பனியன் கம்பெனியில் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் போனும் வீட்டில், ஆறு வயது மகன் சகாயராஜும் வீட்டில். சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு வேல்விழிதான் அவனுக்குத் துணை.

சகாயராஜின் இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்வதாகச் சொல்லி, காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

மாலை நாலு மணிக்குப் போன் அடித்தது. வேல்விழி கையைக் கட்டிக்கொண்டாள். மறுபடி அடித்தது. எட்டிப் பார்த்தாள். 0422!

‘கோயம்புத்தூர் நம்பராச்சே!’

ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதே எண்! உடனே போனை எடுத்தாள்.

“மூணு நாளா கூப்பிடறோம், யாருமே எடுக்கலையே! திங்கட்கிழமை சகாயராஜுக்கு ஆபரேஷன். நாளைக்கே வந்து சேரணும். அஞ்சு மணிக்குள்ள அவங்கம்மா சரின்னு சொல்லணும். இல்லேன்னா அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுருவோம்” என்றார் ஒரு பெண்.

சகாயராஜைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, வேல்விழி போனும் கையுமாகக் கம்பெனிக்கு ஓடினாள். வாசலில் காவலாளி அப்புசாமி மறித்தார்.

“ஷிப்மென்ட் நேரம் கண்ணு. ஆறு மணிக்கு எல்லாரும் வருவாங்க. அதுவரைக்கும் அப்படி உக்காரு.”

“அவசரம் தாத்தா!”

“இங்க வர்ற அத்தன பேருக்கும் அவசரந்தான் கண்ணு.”

வேல்விழிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் நேரம்தான் போகும். ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடித்து, போனை அவர் காதில் வைத்தாள்.

“நீங்களே கேளுங்க தாத்தா.”

கேட்கக் கேட்க அப்புசாமியின் முகம் மாறியது.

“இருங்கம்மணி, வெச்சிராதீங்க!”

போனோடு உள்ளே ஓடினார். கேட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடும் காவலாளியை அந்தக் கம்பெனி அன்றுதான் பார்த்தது.

சற்று நேரத்தில் அத்தை வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சு, கண்ணெல்லாம் நீர்.

“சரின்னு சொல்லிட்டேன் தாயி!”

மூன்று வாரம் கழித்து சகாயராஜ் வீடு திரும்பினான். அத்தை வேல்விழியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நல்லவேளை, நீ என் பேச்சக் கேக்கல. இத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

வேல்விழிக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குள் சகாயராஜ் இடையில் புகுந்தான்.

“அக்கா, அங்க லிப்ட் இருக்கு, ஊசி போட்டப்ப நான் அழவே இல்ல, கொஞ்சம்தான் அழுதேன், டாக்டருக்குப் பெரிய மீசை, அப்புறம் இட்லிக்குச் சட்னியே இல்ல…”

“போதும்லே, அக்காவுக்குக் காது வலிக்கப் போவுது” என்றார் அத்தை.

“பேசட்டும் அத்தை” என்றாள் வேல்விழி.