ஐந்தாவது கோப்பை

எமில்டாவின் வீட்டில் நான்கு பேர். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து தட்டுகளில், அவர்கள் சொல்கிறபடி ஐந்து கோப்பைகளில், சோறு போடுவார்கள். ஐந்தாவது கோப்பை யேசுவுக்கு.

அது அவளுடைய அப்பா தொடங்கிய வழக்கம். "அவர் எப்பவும் நம்மட வீட்டில இரிக்கார். நாம தின்னக்குள்ள அவர மறக்கிறதா?" என்பார். சாப்பிட்டு முடிவதற்குள் யாராவது வாசல் படலைக்கு வந்தால் அந்தச் சோறு அவர்களுக்கு. ஒருவரும் வராவிட்டால் தம்பி றெஜிக்கு. ஆறு வயது றெஜி, செபம் சொல்லும்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாரும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவனுடைய தனிச் செபம்.

அது 1990ஆம் ஆண்டு. யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. நாவற்குடாவில், வாவிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அன்று மத்தியானம் செபம் பாதியில் இருக்கும்போதே படலை உடைகிற சத்தம் கேட்டது. துவக்குகளோடு இராணுவத்தினர் உள்ளே வந்துவிட்டார்கள். ஊரையே சுற்றிவளைத்திருந்தார்கள்.

எல்லோரும் அப்படியே விறைத்துப்போனார்கள். அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி ஆட்களை எண்ணினார். பிறகு பாயில் இருந்த கோப்பைகளை எண்ணினார். அவர் முகம் மாறியது. சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"மற்ற ஆள் எங்க?" என்று அவன் கேட்டான்.

"மற்ற ஆள் ஒருத்தரும் இல்ல ஐயா. நாங்க நாலு பேர்தான்," என்றார் அப்பா.

"அப்ப இந்தச் சோறு யாருக்கு?"

அப்பா வாயைத் திறந்தார். யேசுவுக்கு என்று சொன்னால் இவர்கள் நம்புவார்களா?

றெஜி முந்திக்கொண்டான். "அவர் எங்கயும் போகல்ல. இஞ்சதான் இரிக்கார். உங்கட கண்ணுக்குத்தான் தெரியுதில்ல."

சிப்பாய் அதைச் சிங்களத்தில் சொன்னதும் வீடு தலைகீழாயிற்று. அலுமாரியைத் திறந்தார்கள். கட்டிலைப் புரட்டினார்கள். நெல் மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். ஒருவன் கோழிக்கூட்டைக்கூடத் திறந்தான். அந்த வீட்டில் பயப்படாமல் இருந்தது அங்கே அடைகிடந்த கோழி மட்டும்தான். அது அவன் கையில் நன்றாகக் கொத்தியது.

யாரும் அகப்படவில்லை. அதிகாரிக்குக் கோபம் இன்னும் கூடியது. அப்பாவின் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தார். வெளியே ஒழுங்கையில் லொறி நின்றது. அப்படி லொறியில் ஏற்றப்பட்ட சிலர் இன்னும் வீடு திரும்பவில்லை என்பது எமில்டாவுக்குத் தெரியும்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. 'யேசுவே, நீர் இங்கே இருக்கிறீர்தானே?' என்று மனதுக்குள் கேட்டாள். மீன் துண்டோடு பாயில் இருந்த அந்தக் கோப்பை கண்ணில் பட்டது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்தால் வழக்கமாக என்ன செய்வோம் என்று யோசித்தாள். உடனே கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள்.

"எமில்டா, போகாத மகள்," என்றாள் அம்மா.

ஒரு துவக்கு எமில்டாவின் பக்கம் திரும்பியது. தமிழ் தெரிந்த சிப்பாயிடம் கோப்பையை நீட்டினாள்.

"இது யேசுவுக்கு வைச்ச சோறு. நாங்க தின்னக்குள்ள ஆர் வாறாங்களோ, அவங்களுக்குக் குடுக்கிற. இண்டைக்கு நீங்க வந்திரிக்கீங்க."

அவன் வாங்கவில்லை. கோப்பையையும் அவளையும் சந்தேகமாகப் பார்த்தான். எமில்டாவுக்கு அது ஏன் என்று விளங்கியது. கோப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

சிப்பாய் திகைத்துப்போனான். அதிகாரியிடம் நீளமாக ஏதோ சொன்னான். அதிகாரி வாசலில் நின்ற றெஜியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஒருத்தரும் வரல்ல எண்டா, சோறு யாருக்கு?" என்று சிப்பாய் தமிழில் கேட்டான்.

"எனக்கு," என்றான் றெஜி. அவன் கண் கோப்பையை விட்டு அசையவில்லை. "நீங்க வராட்டி அந்த மீன் துண்டும் எனக்குத்தான்."

அதிகாரி சிரிக்கவில்லை. றெஜியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சோற்றுக்காக இப்படிக் கவலைப்பட ஒரு பிள்ளைக்கு யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. பிறகு அப்பாவின் கையை விட்டார். திரும்பி நடந்தார்.

தமிழ் தெரிந்த சிப்பாய் மட்டும் ஒரு கணம் பின்தங்கினான். கோப்பையிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றான். "சரியான உறைப்பு," என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். லொறி புறப்படும் சத்தம் கேட்டது. அதில் யார் யார் போனார்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

பொழுதுபட்டதும் அம்மா சோறு போட்டாள். பாயில் நான்கு கோப்பைகள்தான் இருந்தன.

"அம்மா, யேசுவுக்கு?" என்று எமில்டா கேட்டாள்.

"வேணாம் மகள். ஒரு கோப்பை கூடினதால உங்கட அப்பாவையே கொண்டுபோகப் பாத்தாங்க. எனக்குப் பயமா இரிக்கி. அவருக்கு நம்மட நிலைமை விளங்கும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எமில்டாவுக்கும் பயம்தான். ஆனாலும் மத்தியானம் முழுக்கத் தங்களோடு நின்றவரை இப்போது பட்டினி போட அவளுக்கு மனம் வரவில்லை. பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"சரி அம்மா. இனி அவர் எண்ட கோப்பையில தின்னட்டும். ஆர் வந்து எண்ணினாலும் நாலுதான்."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள். அப்பா செபத்தைத் தொடங்கினார். இம்முறை முடிவுவரை சொன்னார்.

றெஜி இரண்டு கண்களையும் திறந்தான். "அப்ப அவர்ட பங்கு இனி எனக்கு இல்லையா?"

எமில்டா தன் சோற்றை விரலால் இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை, மீன் துண்டோடு, அவன் கோப்பைக்குத் தள்ளினாள்.

"உனக்குக் குடுக்கச் சொல்றார்," என்றாள்.