இறக்கி வைத்த எடை

விடியற்காலையில் கண் விழித்ததும் அசையாமல் படுத்தபடியே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ண வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. எழுந்து உட்கார்ந்தால் கணக்குக் கெட்டுவிடும். ஓய்வாக இருக்கிற இதயம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அன்றும் அக்கா அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரச் சோபாவின் மேல் பார்வை போனதில் எண்ணிக்கை தப்பிவிட்டது. இடது பக்கத்துக் குஷனில் ஒரு பள்ளம் இருந்தது.

கையகலப் பள்ளம்தான். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அக்காவுக்கு அதுவே பிழைப்பு. சோபாப் பட்டறையில் குஷன் தைத்துத் தைத்துக் கண் தேய்ந்தவள். பட்டறையில் முதலாளியிலிருந்து சாமான் இறக்க வரும் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். "நல்ல ஸ்பாஞ்சுன்னா ஆள் எழுந்ததும் நிமிர்ந்துக்கணும். நிமிரலையா? ஆள் இன்னும் எழுந்திரிக்கலைன்னு அர்த்தம்" என்று வாடிக்கையாளர்களிடம் முதலாளி அடிக்கிற ஜோக்கைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. இந்தச் சோபா அவள் கையாலேயே தைத்தது. ஸ்பாஞ்சும் முதல் தரம்.

"டேய், ராத்திரி என் ரூம்ல வந்து உக்காந்தியா?" என்று பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆமா, ஓடி வந்து குதிச்சேன். பாத்ரூமுக்கே சுவரைப் பிடிச்சுட்டுப் போறவன்கிட்டக் கேக்கற கேள்வியாக்கா இது?" என்றான் தம்பி. "இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?"

"சத்தம் போடாதே. எண்ணிட்டு இருக்கேன்."

அந்த வீட்டில் தினமும் விடிவதே இந்தப் பேச்சோடுதான்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது. ஆனால் அவள் இருக்கிற பருமனுக்குக் கத்தி வைக்க முடியாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பன்னிரண்டு கிலோ குறையுங்க. பட்டினி கிடந்து இல்ல, புரியுதா? தட்டுல பாதி காய்கறி இருக்கட்டும். தினம் நடங்க, நல்லாத் தூங்குங்க. மெதுவாக் குறைஞ்சாத்தான் நிலைக்கும். நாடியும் தானா இறங்கும்." பெற்றவர்கள் போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனுக்காக மலையைக் கரைக்கச் சொன்னாலும் கரைத்திருப்பாள். இது வெறும் உடம்புதானே.

குறைந்தது. வாரம் அரைக் கிலோ, சில வாரம் முக்கால். மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. ஜாக்கெட்டுகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். "என்னக்கா, பாதி ஆளைக் காணோம்?" என்று பட்டறையில் கிண்டல் செய்தார்கள்.

பள்ளமும் வளர்ந்தது. கையகலம் தட்டகலமாயிற்று, தட்டகலம் தாம்பாள அகலமாயிற்று. குஷனைத் திருப்பிப் போட்டாள். மறுநாள் காலை அந்தப் பக்கமும் பள்ளம். பட்டறையிலிருந்து புது ஸ்பாஞ்சு கொண்டுவந்து மாற்றினாள், அதுவும் அமுங்கியது. முதலாளிக்குப் பேரன் பிறந்த வாரம் பட்டறையே இனிப்பில் மிதந்தது. அக்காவும் வாயைக் கட்டவில்லை. எடை அரைக் கிலோ ஏறிவிட்டது. அன்று காலை பார்த்தபோது பள்ளம் ஒரு நூல் மேலே வந்திருந்தது.

இறக்கி வைத்த எடையெல்லாம் எங்கே போகிறது என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை. யார்தான் யோசிப்பார்கள்?

அதற்குப் பிறகு விடியற்காலைகள் பயமாகிவிட்டன. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் ஊறத் தொடங்கும் நேரத்தில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பியபடி எண்ணுவாள். அப்போது சோபாப் பக்கமிருந்து ஒரு வாடை வரும், தலை எண்ணெயும் பவுடரும் வியர்வையும் கலந்த வாடை, வேறு யாருடையதும் இல்லை, அவளுடைய பழைய வாடையேதான். குஷன் ஜிப்பின் இரும்பு நாக்கு மரச்சட்டத்தில் லேசாகத் தட்டும். டிக். அவள் நாடி ஒன்று. டிக். அவள் நாடி இன்னொன்று. அவளுக்குக் குறைந்துபோன துடிப்புகள் அங்கே உட்கார்ந்து துடித்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள் காலை அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்: "நேத்து நீ வந்து பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் குடுத்ததுக்கப்புறம்தான்க்கா தூக்கமே வந்துச்சு. மெலிஞ்சுட்டே மெலிஞ்சுட்டேன்னு ஊரே சொல்லுது. நீ உக்காந்தா கட்டில் என்னமோ முன்ன மாதிரிதான் சாயுது!"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் அவன் அறைக்குப் போகவே இல்லை.

"நான்... எப்பத் திரும்பிப் போனேன்?"

"நான் நல்லாத் தூங்கினபிறகு போயிருப்பே. நான் பாக்கல."

அன்று சாயங்காலம் பேக்கரியில் வெண்ணெய் தடவிய பன் வாங்கிவந்து, சமையலறையில் நின்றபடி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். தின்றால் போதும். தினமும் தின்றால் அது கரைந்துபோகும், வந்த வழியே அவளுக்குள் திரும்பிவிடும். ஆனால் அறுவை சிகிச்சை? பக்கத்து அறையில் தம்பி இருமினான். பன்னைக் குப்பையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினாள். பயத்தில் அழுகை அழுகையாக வந்தது. நடந்துகொண்டேதான் அழுதாள்.

கடைசிப் பரிசோதனை ஒரு மழை நாளில் நடந்தது. "சபாஷ்! எடை வந்தாச்சு, நாடியும் அருமையா இருக்கு. இனிமே ஒரு கிராம்கூடக் குறைக்க வேண்டாம், இப்படியே வச்சுக்குங்க. அடுத்த வாரம் ஆபரேஷன்" என்றார் டாக்டரம்மா. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மத்தியான மழையில் குடைகூட விரிக்காமல் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

முதலில் சோபாவைத்தான் பார்த்தாள்.

குஷன் நிமிர்ந்திருந்தது. சுருக்கம்கூட இல்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப் பார்த்தாள். ஸ்பாஞ்சு துள்ளி எழுந்தது.

"போய்த் தொலைஞ்சியா, சனியனே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

வாடையும் இல்லை. ஜிப் தட்டவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

அப்புறம் பக்கத்து அறையில் கட்டில் முனகியது.

கதவு ஒருக்களித்திருந்தது. தலை எண்ணெய். பவுடர். வியர்வை.

தம்பி மல்லாந்து படுத்திருந்தான். அவன் தலைமாட்டில், மெத்தையில், பெரிய பள்ளம். அகலமான பள்ளம். அந்த வடிவம் அவளுக்குத் தெரியும். வருடக்கணக்காக அவளே உட்கார்ந்து உண்டாக்கிய வடிவம்.

அவன் தலை தலையணையில் இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. மடியில் வைத்த மாதிரி. நெற்றி முடி தானாக ஒதுங்கியது. திரும்ப ஒதுங்கியது.

இடது கை அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் இரண்டு குழி. விரல் நுனி அளவு.

"டேய்." கதவைத் தள்ளித் திறந்தாள். "டேய் தம்பி! எழுந்திருடா! டேய்!"

அவன் கண் திறக்கவில்லை. சிரித்தான். குழந்தையில் சிரித்த சிரிப்பு.

"சத்தம் போடாதே," என்றான். "அக்கா எண்ணிட்டு இருக்கா."

தலைமாட்டுப் பள்ளம் இன்னும் ஆழமாயிற்று. அவன் முதுகுக்கடியில், தோளுக்கடியில், மெத்தை ஒவ்வொரு நூலாக நிமிர்ந்துகொண்டிருந்தது.