பிந்தி வரும் எழுத்து

சங்கமித்ரா விசையை அழுத்தினாள், எழுத்து வரவில்லை. வந்தது, ஆனால் அவள் விரல் அடுத்த விசைக்குப் போன பிறகு, கூப்பிட்ட குரலுக்கு வேண்டாவெறுப்பாக எழுந்து வருகிற ஆள் மாதிரி வந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பிந்தல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தத் தெருவில் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. கீழே அய்யாத்துரை அண்ணாச்சியின் தார்ப்பாய், கயிறு மொத்தக் கடை, அதன் பின்னால் சரக்குக் கோடவுன். ஷட்டர் இறங்கியிருந்தாலும் புதுத் தார்ப்பாயின் நெடி மட்டும் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்து, எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில் வரும் கந்தக வாடையோடு கலந்து, அறை முழுக்க உட்கார்ந்திருந்தது. மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் கம்பெனி. அவளும் அண்ணாச்சியின் மகள் ஜெமிமாவும் சேர்ந்து நடத்துவது. கண்டெய்னர் யார்டுகளின் லாரி எடைமேடைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதுவது மித்ரா, ஆள் பிடிப்பது, பேசுவது, சமாளிப்பது எல்லாம் ஜெமிமா.

திங்கள் காலையில் எண்ணூர் யார்டில் சோதனை. அது தேறினால் வாசலில் இரண்டு பேர் பெயரும் போட்ட போர்டு ஏறும். அந்தப் போர்டுக்காகத்தான், பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் கிடைத்த வேலையை மித்ரா வேண்டாம் என்றாள். வியாசர்பாடி ஹவுசிங்போர்டில் அவள் வீட்டில் அன்று பெரிய ரகளை. "அந்தப் பொண்ணு உனுக்கு இன்னா மந்திரம் போட்டுச்சி?" என்று அம்மா கேட்டாள். மந்திரமும் இல்லை மண்ணும் இல்லை. கம்பெனி தொடங்கிய புதிதில் தார்ப்பாய் ஊசி மித்ராவின் விரலில் ஏறியபோது, ஜெமிமா அந்த விரலைத் தன் இரண்டு கைக்குள் வைத்து, சின்னக் குழந்தைக்கு ஊதுவது போல ஊதிக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான். அதற்கே மித்ரா விழுந்துவிட்டாள்.

சரி, மெஷின் மக்கர் பண்ணுகிறது. பார்ப்போம் என்று சேலையை இழுத்துச் செருகும் தோரணையில் சுடிதார்க் கையை மடக்கிவிட்டுக்கொண்டாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஆன்டிவைரஸ் நோண்டாமலிருக்க வேலை ஃபோல்டரை அதிலிருந்து விலக்கி வைத்தாள். சேர்ந்திருந்த குப்பைக் கோப்புகளைக் கழித்தாள். மெமரியைப் பார்த்தாள், பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. வெறும் நோட்பேடைத் திறந்து தட்டினாள். எழுத்துகள் பொரி மாதிரி துள்ளி விழுந்தன. அப்படியானால் கீபோர்டில் கோளாறு இல்லை. அவள் புரோகிராம் எழுதும் எடிட்டரில் மட்டும்தான் இந்தப் பிந்தல்.

எடிட்டரிலும் எப்போது? அதையும் பார்த்துவிடலாம் என்று, கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த விசையையெல்லாம் தட்டினாள். உளறல் எழுத்துகள் உடனுக்குடன் வந்தன. பழைய புரோகிராம் ஒன்றைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். அதுவும் உடனே. பிறகு தானே யோசித்து ஒரு வரி எழுதினாள்.

பிந்தியது.

அவள் கை விசையிலேயே நின்றது. உளறினால் வேகம், பார்த்து எழுதினால் வேகம், சொந்தமாக யோசித்தால் மட்டும் தாமதம். அவள் இதுவரை பார்த்த எந்தக் கோளாறும் இப்படி ஆளைப் பார்த்து நடந்துகொண்டதில்லை. இது, பரீட்சை ஹாலில் பக்கத்துப் பெஞ்சுக்காரி முதலில் தன் விடையை எழுதிவிட்டு, பிறகு நம் தாளை எட்டிப் பார்ப்பதைப் போல இருந்தது. சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மித்ராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புரோகிராமுக்கு நடுவே, மெஷின் கண்டுகொள்ளாத கமெண்ட் வரியில், மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவாள். திட்டுவாள், புலம்புவாள், பிறகு சேமிப்பதற்கு முன் மொத்தத்தையும் அழித்துவிடுவாள். யாரும் படித்ததில்லை. படிக்க வழியும் இல்லை. போன மாதம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக் கம்பெனி மறுபடி கூப்பிட்டபோது 'போய்டலாமா' என்று ஒரு வார்த்தை தட்டினாள். ஜெமிமாவின் முகம் ஞாபகம் வந்தது. குற்றம் செய்தவள் மாதிரி அவசரமாக அழித்தாள். நேற்று அம்மாவின் கால் வீக்கத்தைப் பற்றி எழுதி அழித்தாள்.

ஜெமிமாவுக்கு போன் போட்டாள். நாசரேத்தில் சித்தி மகள் கல்யாணம் என்று வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிருந்தாள்.

"ஜெமி, எடிட்டர் ரொம்ப ஸ்லோவா கீது. நீ எதுனா மாத்துனியா?"

"நான் எங்கட்டி அதைத் தொட்டேன்? பழைய மெஷின்லா, அப்படித்தான் இருக்கும். நீ பேசாம வீட்டுக்குப் போ. காலையில வந்து பாத்துக்கிடலாம்."

"காலைல யார்டுக்குப் போணும் ஜெமி."

"எல்லாம் நடக்கும், நீ பயப்படாத. அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திச்சா?"

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்தது. பாம்பாட்டி மகுடி மாதிரி ஏறி இறங்கும் வேடிக்கை ஹாரன். அது ஓய்ந்ததும், போனுக்குள்ளிருந்து அதே ஹாரன் கேட்டது. அதே ஏற்றம், அதே இறக்கம். பிந்தி.

நாசரேத்தில் எந்தக் கண்டெய்னர் லாரி?

"எங்க கீற ஜெமி?"

"கல்யாண வீட்லதான். வைக்கேன்ட்டி."

அம்மாவின் கால் வீக்கத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள். அழித்தாள். அவ்வளவுதான். ஜெமி பொய் சொல்கிறாள். ஊர் முழுக்கப் பொய் சொல்லட்டும், ஜெமி சொல்வாளா? தன்னிடமா? எடிட்டரோடு ஓடும் துணை புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கினாள். எல்லாம் நின்றன, ஒன்றைத் தவிர. அதன் நிறுத்தும் பொத்தான் செத்துக் கிடந்தது. யார் நிறுவியது என்ற இடத்தில் ஜெமிமாவின் பெயர். நாள், புத்தாண்டுக்கு மறுநாள். அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது இன்னொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இதே கட்டடத்து இணைப்பில் உள்ள கணினி. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

மித்து-2.

மித்து என்று அவளைக் கூப்பிடுவது ஒரே ஒருத்திதான்.

புத்தாண்டுக்கு மறுநாள். அன்றுதான் ஜெமிமா தேவாலயத்தில் வாங்கிய வாக்குத்தத்த அட்டையைக் கொண்டுவந்து மானிட்டரின் மேல் விளிம்பில் ஒட்டினாள். வேத வசனமும் ஒரு வெள்ளைப் புறாவும் போட்ட அட்டை. "உனக்காக ஜெபம் பண்ணி எடுத்தது, எடுத்துறாதட்டி" என்றாள். மித்ரா வீட்டில் புத்தர் படம். ஆனாலும் தோழியின் சாமி விஷயம் என்று இத்தனை மாதமாக அந்த அட்டையை அவள் தொட்டதில்லை. தூசி தட்டும்போதுகூட அதை மட்டும் சுற்றித் தட்டினாள்.

நகத்தால் நெம்பினாள். அட்டை உரிந்து வந்தது. புறாவின் கண் இருந்த இடத்தில் ஓட்டை. அதற்குப் பின்னால், மிளகு அளவில், ஒரு கேமரா.

அவள் பக்கத்தில் இருந்த துண்டை அதன்மேல் போட்டாள். வேவு பார்த்திருக்கிறாள். ஜெபம் பண்ணிய அட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடத்தில் வெட்கம்தான் வந்தது, உடை மாற்றும்போது யாரோ பார்த்துவிட்ட மாதிரி. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வானம் கருத்து இறங்கியிருந்தது. கீழே வாட்ச்மேன் மஜீது ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மஜீது பாய்! ஜெமிமா வந்தாளா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பீடி வாயிலேயே நின்றது.

"இன்னாம்மா நீ, மேல கீற? இப்பதான கோடவுன்ல உன்கைல ரெண்டு டீ குட்த்துட்டு வர்றேன். உனுக்கு ஒண்ணு, ஜெமிமா பாப்பாவுக்கு ஒண்ணு."

"நானா வாங்குனேன்?"

"நீதாம்மா. தலவலியான்னு கேட்டேன். பதிலு கொஞ்சம் லேட்டா வந்துச்சி, அதான் கேட்டேன்."

அவள் ஜன்னலை மூடினாள். திரும்பினாள். திரையில், அவள் நிறுத்திய வரிக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் எழுத்துகள் இருந்தன. நாம் அடுத்து என்ன எழுதப்போகிறோம் என்று எடிட்டர் ஊகித்துக் காட்டும் மங்கல் எழுத்து, தினமும் பார்ப்பதுதான். ஆனால் இது புரோகிராம் இல்லை.

'நா கீய போறேன்.'

கீழே போக அவள் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பைக்குக் கையை நீட்டினாள். ஜெமியின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்காமல் எப்படிப் போவது என்று அப்போது தோன்றியது. கீழே போகலாம் என்று தோன்றியது. சாம்பல் எழுத்துகள் கருப்பாயின.

படியில் இறங்கினாள். கோடவுனுக்குப் போகும் உள்படி. விளக்கு எரியவில்லை. தார்ப்பாய் நெடி ஒவ்வொரு படிக்கும் கனத்தது. சுவரில் சாய்த்திருந்த கயிற்றுச் சுருள்கள் தோளில் உரசின. பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. கீபோர்டு. தட்டும் கை சரளமாக ஓடி, வரி முடிந்ததும் நின்றது. பிறகு சுண்டு விரலை நெட்டி முறிக்கும் சத்தம்.

வரிக்கு ஒரு நெட்டி. அது மித்ராவின் பழக்கம்.

கோடவுன் கதவு ஒருக்களித்திருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை. மானிட்டர் வெளிச்சம். மேஜைக்குப் பக்கத்தில் தரையில், டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ஜெமிமா. கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச்சேலை இல்லை, கசங்கிய நைட்டி. பல நாள் தூங்காத கண்.

நாற்காலியில் ஒருத்தி. முதுகு தெரிந்தது. ஒற்றைப் பின்னல். மித்ரா ஆபீசில் விட்டுத் தொலைந்துபோனதாக நினைத்த நீலத் துப்பட்டா.

"அவ போயிடலாமான்னு எழுதுனாட்டி," என்றாள் ஜெமிமா, அந்த முதுகைப் பார்த்து. குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எழுதி அழிச்சா. நீ அப்படிப் போகமாட்டல்லா, மித்து?"

அந்த 'மித்து' அவளுடையது. அதில் இருந்த கெஞ்சலும் செல்லமும் அவளுக்குச் சேர வேண்டியது. மித்ராவுக்குப் பயத்தைவிட அதுதான் வலித்தது. நா போவலயே ஜெமி, அழிச்சிட்டேனே, அழிச்சத படிச்ச நீ, ஏன் அழிச்சேன்னு பாக்கலியா? கத்த வாயைத் திறந்தாள்.

"நா இன்னாத்துக்கு போவப்போறேன் ஜெமி," என்றது அவள் குரல்.

நாற்காலியிலிருந்து.

பிந்தவே இல்லை. கேட்டதும் வந்தது.

மித்ராவின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவள் மறுபடி முயன்றாள். ஜெமி. ஜெமி. உதடு அசையவில்லை. அசை என்று சொன்னாள். காத்திருந்தாள். அப்புறம்தான் அசைந்தது.

ஜெமிமா திரும்பினாள். நேராகக் கதவைப் பார்த்தாள். மித்ரா நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரையும் பார்க்காத கண்.

"காத்துல கதவு திறந்திருக்குட்டி. இரு, சாத்திட்டு வாரேன்."

எழுந்து வந்தாள். அருகில் வந்தாள். அவள் மேல் டீ வாசனை. மித்ரா நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

கை அங்கேயே இருந்தது.

எடு. எடுத்தாயிற்று. கை அங்கேயே இருந்தது. கனமான இரும்புக் கதவு. ஜெமிமா தோளால் தள்ளினாள்.

விரல்கள் நசுங்கும் சத்தம் கேட்டது.

உள்ளே, நாற்காலியில் இருந்தவள் அலறினாள்.

"ஐயோ, மித்து! என்னாச்சு? விரலா? காட்டு, எங்க, காட்டு..."

கதவு இடுக்கில் வெளிச்சம் கோடாய்த் தெரிந்தது. அதில் அவள் நான்கு விரல்கள் நசுங்கிக் கிடந்தன. அந்தப் பக்கம் ஜெமிமா யார் விரலையோ தன் இரண்டு கைக்குள் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். மெதுவாக. விடாமல்.

மித்ரா வாயைத் திறந்தபடி இருட்டில் நின்றாள். வலி இன்னும் வரவில்லை.