சென்சாரைக் கழற்றிய பிறகு

மூன்றாவது முறையாக அவன் சர்வீஸ் சென்டருக்குள் காரை விட்டபோது, மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டே வந்தார். அழையாத விருந்தாளிக்குக் கதவைத் திறப்பவரின் சிரிப்பு.

"மறுபடியும் அதேவா சார்?"

"அதேதான். ஸ்கூலுக்குப் போற அந்த மதில் ஓர ரோட்டுல. ரோடு காலியா இருக்கு, நான் பிரேக்குல காலே வைக்கல. தானா அடிச்சு நிக்குது."

"பழைய வண்டி சார். நேராப் போகும்போதே சறுக்குதுன்னு சென்சார் தப்பா நினைச்சுக்குது, உடனே பிரேக்கைப் போடுது. அதான் புதுசு மாத்தி, ஓட்டியும் பாத்தோமே."

"எங்க ஓட்டினீங்க?"

"நம்ம காம்பவுண்டுக்குள்ள."

அதுதான் அந்த நிறுவனத்தின் சம்பிரதாயம். காம்பவுண்டுக்குள் ஒரு வட்டம், சோப்பு நுரையில் ஒரு குளியல், பின்கண்ணாடியில் 'இனிய பயணம்' ஸ்டிக்கர். அவன் காரில் அது ஏற்கெனவே இரண்டு இருந்தது. இனிமைக்கு மேல் இனிமை.

இந்த வண்டியை விற்கவும் வழியில்லை. நினைத்த இடத்தில் நிற்கும் காரை எவன் வாங்குவான்? வீட்டிலோ மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இது சரியாகாம பாப்பாவை இதுல ஏத்தினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அந்த டையோட வந்து பக்கத்துல உக்காருங்க. நீங்களே பாருங்க," என்றான்.

மேனேஜர் அசரவில்லை. ஆளை விட்டு சென்சாரையே கழற்றச் சொல்லி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே தப்பா நினைக்க வண்டியில யாருமே இல்ல சார்," என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மதில் ஓரச் சாலையில் மரங்கள் வெயிலை உள்ளே விடவில்லை. ஏசியில் ஈரத்துணி வாடை வந்தது. எங்கோ கேட்டுக்கொண்டிருந்த ஹாரன் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

கார் வேகம் குறைந்தது.

அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். மிதித்துக்கொண்டே இருந்தான்.

இந்த முறை குலுக்கல் இல்லை. ஓரமாக ஒதுங்கி, கை காட்டியவருக்காக நிறுத்துவதுபோல், பதமாக நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் மேனேஜர். "எவ்வளவு ஸ்மூத்! நல்ல முன்னேற்றம்."

"யோவ், நிக்கவே கூடாதுய்யா!"

பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திறந்த சத்தம் கேட்கவே இல்லை.

மேனேஜரின் கை சட்டைப் பையைத் தடவியது. சென்சார் அங்கேயேதான் இருந்தது. "காத்து... காத்தா இருக்கும் சார்," என்றார். ஒரு இலைகூட அசையவில்லை.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, சரியாயிடுச்சா? பாப்பாவை நீங்களே கூட்டிட்டு வந்துடுறீங்களா?"

பின்னால் சீட் பெல்ட் சரசரவென்று இழுபட்டது.

கிளிக்.

"வேண்டாம்," என்றான் அவன். "நீயே போ. நடந்தே கூட்டிட்டு வா. இந்த ரோட்டுப் பக்கம் வராதே."

"என்னாச்சு? இன்னும் நின்னு நின்னு போகுதா?"

கார் தானாக நகரத் தொடங்கியது. அவன் கண்ணாடியில் பார்த்தான்.

காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. இருக்கையோடு ஒட்டாமல், ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பளவுக்கு விலகி நின்றது.

அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.