உள்ளே ஒன்றுமில்லாத டேபிள்

திரையில் வந்த வரியில் இருந்த நேரம் இரண்டு பதினான்கு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பதினொன்றுதான் ஆகியிருந்தது.

நந்தோங்கோ இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். கம்பாலாவில் டாக்சி நிலையத்தைப் பார்த்தபடி இருக்கும் மூன்றாவது மாடியில், 'போடா' எனப்படும் வாடகை பைக்கில் சவாரி ஏற்றுகிற நானூறு பேரின் சங்க அலுவலகம் அது. விபத்துச் செய்தி தரும் வெளி சேவை ஒன்றைச் சங்கத்தின் டேட்டாபேஸோடு அவள் அன்று காலையில்தான் இணைத்திருந்தாள். பார்வைக்கு அதுவும் மற்றவற்றைப்போல ஒரு டேபிள்தான். ஆனால் உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் தலைப்புகள். கேட்கிற நொடியில் வெளியே ஓடி, கிடைத்ததை வாங்கிவந்து, தன் வீட்டுச் சரக்குபோல விரித்துக் காட்டும்.

இப்போது விரித்திருந்தது ஒரே வரி. இடம்: நிலையத்தின் வடக்கு வாசல். காயம்: தாடை, இடப்பக்கம்.

"ஸெபோ, இந்த நேரம் தப்பா வருதே."

பக்கத்து மேசையில் முட்டை சுருட்டிய சப்பாத்தியைத் தின்றுகொண்டிருந்த கிஸிட்டோ நிமிரவில்லை. அவர் அங்கே மூத்தவர்; அவளுக்கு அவர் 'ஸெபோ', ஐயா; அவருக்கு அவள் 'ஞாபோ', அம்மா. "அந்தக் கடிகாரம் நம்ம தலைவர் மாதிரி, ஞாபோ. எப்பவும் மூணு நிமிஷம் லேட்டு."

அவள் கைபேசியைப் பார்த்தாள். அதிலும் இரண்டு பதினொன்றுதான்.

மழை வரப்போகிற வாசனையும் சுட்ட சோளத்தின் புகையும் ஜன்னல் வழியாகச் சேர்ந்து வந்தன. கீழே நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவினார்கள். தகரக் கூரையில் வழுக்கைத் தலை நாரைகள் கனத்த கால்களை இழுத்து இழுத்து நடந்தன, நடந்துகொண்டே இருந்தன, பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல் நின்றன. இரும்பு இரும்பைக் கீறுகிற சத்தம். அதற்குள்ளே சுரைக்குடுவை பிளக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

எட்டிப் பார்த்தாள். வடக்கு வாசலில், வேனின் சக்கரத்தடியில் ஒருவன். அவன் தாடை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. சோளக்காரியின் தட்டில் பற்கள் சிதறிக் கிடந்தன.

மணி இரண்டு பதினான்கு.

டேபிளை மறுபடி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம், கண்ணுகளா. அது அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு வரி வந்தது. மேற்கு வாசல், இரண்டு பதினேழு, நெஞ்சு. இரண்டு பதினேழுக்கு மேற்கு வாசலில் ஒரு பைக்கின் கைப்பிடி ஒருவன் நெஞ்சில் புகுந்து முதுகில் வந்தது.

அவளுக்குத் தம்பி ஞாபகம் வந்தது. லுபோவா. அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை; இந்த நேரத்தில் இதே நிலையத்தில்தான் சவாரிக்கு நிற்பான். கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

"எதுக்குத் தவிக்கிறே?" என்றார் கிஸிட்டோ. "நம்ம உறுப்பினர் டேபிளோட சேத்துக் கேளு. உன் தம்பி பேரு இருந்தா வரும், இல்லைன்னா வராது. அவ்வளவுதானே."

சேர்த்துக் கேட்டாள்.

உடனே பதில் வரவில்லை. பிறகு ஒரு பெயர் வந்தது. கீழே ஒரு சத்தம். இன்னொரு பெயர். இன்னொரு சத்தம், இந்தமுறை தெருக்கோடியில். மூன்றாவது பெயர் வந்தபோது அலறல் மழையோடு கலந்துவிட்டது. எல்லாம் பதிவேட்டு வரிசைப்படி. இப்போது நேரத்தில் மூன்று நிமிஷம் இடைவெளி இல்லை. ஒரு நொடிகூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படிச் சேர்த்துக் கேட்டால் நம் பெயர்கள்தான் ஒவ்வொன்றாக வெளியே போகும். இவன் இருக்கிறானா? இவன்? அதுவரை வெளியே இருப்பதற்கு யார் பெயரும் தெரியாது. அவள்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தன் கணினியின் இணைய கேபிளைப் பிடுங்கினாள்.

ஆறு பெயர்கள். லுபோவா அதில் இல்லை.

கதவு திறந்தது. தலையில் ஹெல்மெட்டோடு, சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் அவன். "அக்கா, எதுக்கு இருபது தடவை கூப்பிட்டே? நல்ல சவாரி போச்சு."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். இழுத்துவந்து தன் மேசைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். இங்கே ரோடு இல்லை. பைக் இல்லை. சக்கரம் இல்லை.

"ஸெபோ, அதைக் கேட்கக் கேட்கத்தான் சாகறாங்க. இனிமே யாரும் கேட்கக் கூடாது."

"டேபிள் ஆளைக் கொல்லுமா, ஞாபோ? பாவம், நீ பயந்துட்டே." கிஸிட்டோ தன் கணினியை முன்னால் இழுத்தார். "இவன் பேரை மட்டும் ஒரு தடவை கேட்டுக் காட்டறேன். உன் மனசு ஆறும்."

"வேண்டாம்."

அதற்குள் அவர் பெயரைத் தட்டிவிட்டார்.

ஒரு வரி.

பெயர்: லுபோவா. இடம்: மூன்றாம் மாடி, நந்தோங்கோ மேசை, நாற்காலி.

ரப்பர் எரியும் நாற்றம்.

நாற்காலி அசையவில்லை. லுபோவா மட்டும் அதிலிருந்து பறந்தான். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. முகம் தரையோடு தேய்ந்து சுவர்வரை போனது. போன வழியெல்லாம் தோல்.

நின்றது.

கூரையில் நாரைகள் மறுபடி நடக்கத் தொடங்கின.

அவன் மூச்சு விடவில்லை. வலது கை மட்டும், விரல்களை மடக்கி மடக்கி, இல்லாத பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தது.